மணிக்கு நாற்பது

நோயாளி பக்கத்தில் நிற்கிற ஒரு மணி நேரத்தின் விலை நாற்பது ரூபாய். மொத்தமாக எடுத்தால் முப்பத்தைந்து. பிரசவ அறை, குழந்தைகள் வார்டு, சாகக் கிடக்கிறவர்கள் வார்டு எல்லாம் ஒரே விலை. கோட்டுக்காரர் அதில் பாகுபாடு பார்ப்பதில்லை.

"எண்ணூறு மணி நேரம் கணக்கு காட்டணும் சார். அது இல்லாம நர்சிங் டிகிரியைக் கையில தர மாட்டாங்க. பாடமெல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிடும். இந்த மணி நேரத்துக்குத்தான் நம்மகிட்ட ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. பொண்ணு அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க வேண்டாம். சீல் போட்டு வீட்டுக்கு வந்துடும்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளக்கிற காலத்திலும் கோட்டைக் கழற்றாத மனிதர். அக்குளில் வேர்வை பூத்திருந்தது, அதன் மேல் அத்தர். இரண்டும் சேர்ந்து அடித்த நெடிக்கு முன்னால் அப்பாவின் குதிகால் புண் எவ்வளவோ தேவலை. ஆனால் அவர் மூக்கைப் பொத்தியது புண்ணுக்காக. நர்சிங் படிப்பை விற்க வந்தவர்.

மகள் கீழே உட்கார்ந்து, அப்பாவின் காலை முக்காலி மேல் வைத்துக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பழைய சாமான் கடை. செத்தவர் வீட்டுக் கட்டில், நொடித்தவர் வீட்டு பீரோ, ஊர் மாறிப் போகிறவர் வீட்டு சோபா எல்லாம் அங்கேதான் வந்து சேரும். கடை கீழே, வீடு மேலே. மூன்று மாதம் முன்னால் ஒரு இரும்புக் கட்டிலை இறக்கும்போது ஆணி குதிகாலில் ஏறியது. சர்க்கரை உடம்பு. புண் ஆறுவேனா என்றது.

சந்தையில் அப்பாவுக்குப் 'பாதிக்காரர்' என்று பெயர். எதற்கு என்ன விலை சொன்னாலும் பாதியில்தான் ஆரம்பிப்பார். மகள் பிறந்த அன்று பிரசவ ஆஸ்பத்திரியில் பில்லைப் பார்த்துவிட்டு, "பொண்ணுதானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்டு ஐந்நூறு குறைத்து வாங்கியவர். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மகளும் பத்து வயது வரைக்கும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

"முப்பத்தஞ்சு அதிகம். பதினேழரை," என்றார் அப்பா.

"சார், இதுல எனக்கு மிஞ்சறதே ரெண்டு. முப்பத்தஞ்சுக்குக் கீழ இறங்க முடியாது."

"நைட் மணிக்கும் பகல் மணிக்கும் ஒரே ரேட்டா?"

கேட்டது மகள். ஈர காஸ் துணியைப் புண்ணில் ஒற்றியபடி, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"என்னம்மா?"

"எண்ணூறுல முந்நூறு மணி நைட் ட்யூட்டி காட்டணும். நைட்டுல நோயாளிங்க தூங்குவாங்க. நர்சுக்கு வேலை கம்மி. அதுக்கும் பகல் ரேட் போட்டா எப்படி?"

கோட்டுக்காரர் கைக்குட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தார். "பொண்ணு உங்களைத் தூக்கி விழுங்கிடும் சார். சரி, கழுதை போகட்டும், முப்பத்திரண்டு."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "என் ரத்தமாச்சே," என்றார், அந்த ரத்தம் அப்போது கட்டின் ஓரமாகக் கசிந்துகொண்டிருந்தாலும்.

மகள் மூன்று வருடமாக ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலை பார்க்கிறாள். பெட்பான் எடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, வாந்தி பிடிப்பது. வீட்டுக்கு வரும்போது வாசனை அடிக்கிறது என்று அம்மா அவளுக்கு 'லோஷன்' என்று பெயர் வைத்திருந்தாள். சீழும் மலமும் அவளுக்கு முதல் மாதம் மட்டும்தான் குமட்டின. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் குமட்டுகிறது, அதுவும் தன் வாயிலிருந்து வந்ததற்கு.

இரவில் நோயாளிகள் தூங்குவதில்லை. அது அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரியும். பகலில் வீறாப்பாகக் கிடக்கிறவர்களெல்லாம் இரவில்தான் கூப்பிடுவார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பகலெல்லாம் எல்லோரையும் திட்டுவார். இரவில் அவளைக் கூப்பிட்டு, "விடிஞ்சிடுச்சா பாரு" என்பார். விடியவில்லை என்றால், "சரி, கொஞ்சம் இங்கயே நில்லு" என்பார். அப்படி நிற்பதைத்தான் மணிக்கு மூன்று குறைப்பதற்காக அவள் 'வேலை கம்மி' என்று சொன்னது.

"முதல்ல சாம்பிள் காட்டுங்க," என்றார் அப்பா. "உங்க சரக்கு ஒண்ணைக் கொண்டு வாங்க. உங்ககிட்ட படிச்சு முடிச்ச பொண்ணு எதாவது இருக்குமில்ல. பார்க்காம நான் ஒரு ஸ்டூல்கூட வாங்கினதில்ல."

"தாராளமா," என்றார் கோட்டுக்காரர்.

*

ஆன்லைன் படிப்பே மோசம் என்று மகள் நினைக்கவில்லை. முதலில் அவளேதான் அதை விசாரித்தாள். வேலையை விட வேண்டாம், சம்பளம் நிற்காது, ட்யூட்டி முடிந்து வந்து போனில் பாடம் கேட்கலாம். ஹெட் நர்சிடம் யோசனை கேட்டபோது அவரும் சரி என்றார். "பாடம் எங்க படிச்சா என்ன? ஆனா பிராக்டிஸுக்கு ஒரு ஆஸ்பத்திரி உன்னைச் சேர்த்துக்கணும். அதை முதல்ல பார்த்துக்கோ."

சேர்த்துக்கொள்ள யாரும் இல்லை. அவள் வேலை பார்க்கிற இடத்திலேயே முடியாது என்றுவிட்டார்கள். காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று ஒப்பந்தமாம். மூன்று வருடம் பெட்பான் தூக்கிய வார்டில், படிக்கிறவளாக உள்ளே வர அவளுக்கு அனுமதியில்லை. அப்படித்தான், கோட்டுக்காரர் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், காலேஜுக்குப் போய்ப் பார்ப்போம் என்று அப்பாவோடு கிளம்பினாள். அங்கே நடந்ததை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கிளார்க்கம்மா. வருடத்துக்குத் தொண்ணூறாயிரம், ஒரே தவணை, ஒரு சீட்டுதான் மிச்சம் என்றார்.

"நாற்பத்தஞ்சு," என்றார் அப்பா.

"என்னது நாற்பத்தஞ்சு?"

"நம்ம விலை."

"சார், இது விலை இல்ல. ஃபீஸ்."

"வாங்கறவனுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. நீங்க சின்னவங்க, உள்ள பெரியவங்க யாராவது இருந்தாக் கூப்பிடுங்க."

"உள்ள பிரின்சிபால் இருக்காங்க. அவங்களுக்கும் தொண்ணூறுதான்."

"சரி, கடைசியா அறுபது. பொண்ணு ஏற்கனவே ஆஸ்பத்திரியில வேலை பாக்குது. பாதி படிச்ச மாதிரி."

கிளார்க்கம்மா பின்னால் நின்ற பையனைப் பார்த்து, "அடுத்தது" என்றார்.

அப்பா மகளின் முழங்கையைப் பிடித்தார். "வா, போலாம்."

அந்தக் குடும்பத்தில் அதற்கு 'நடை' என்று பெயர். பேரம் முட்டி நின்றால் எழுந்து நடக்க வேண்டும். முதல் அடி வேகமாக. இரண்டாவது அடியில் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிய வேண்டும். மூன்றாவது அடி முடிவதற்குள் விற்கிறவன் கூப்பிட்டுவிடுவான். கூப்பிடாத வியாபாரி இன்னும் பிறக்கவில்லை என்பது அப்பாவின் சித்தாந்தம். காய்கறிக்காரியிலிருந்து கல்யாண மண்டபக்காரர் வரை அவருக்குப் பலித்திருக்கிறது.

வேகமாக நடந்தார்கள். குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள். மூன்றாவது அடி, முப்பதாவது அடி, வாசல், கேட். யாரும் கூப்பிடவில்லை.

"அவசரப்படாதே," என்றார் அப்பா. கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். "அந்தம்மா இப்ப உள்ள போயி கேட்டுட்டு இருக்கும். ஆள் அனுப்பும் பாரு."

"அப்பா, அது கடை இல்லப்பா."

"காசு வாங்கிட்டு ரசீது குடுத்தா அது கடைதான்."

இரண்டாவது டீயும் ஆறியது. அப்பா விந்தியபடி உள்ளே போய் எட்டிப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் நின்ற பையன் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இவங்களுக்கு வியாபாரமே தெரியல," என்று வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மகளால் அவரைக் குறை சொல்ல முடியாது. கூட நடந்தவள் அவளும்தானே. குனிந்து செருப்பைச் சரிசெய்தது யாராம்?

*

மூன்றாம் நாள் கோட்டுக்காரர் சாம்பிளோடு வந்தார்.

சாம்பிளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சீருடை, கழுத்தில் அட்டை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உள்ளங்கையை மடியில் துடைத்துக்கொண்டாள்.

"முதல் வகுப்பு சார்," என்றார் கோட்டுக்காரர். "திங்கக்கிழமை பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல ஐசியூவில சேருது. நம்ம தயாரிப்பு."

அப்பா காலை முக்காலி மேல் தூக்கி வைத்தார். "கட்டை மாத்தும்மா, பார்ப்போம்."

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் டப்பாவை நகர்த்தி வைத்தாள். கிளவுஸ், காஸ், பஞ்சு, சலைன் எல்லாம் அதில் இருந்தன. அம்மா தட்டில் டீயோடு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

அந்தப் பெண் கிளவுஸ் மாட்டினாள். நெற்றியில் விழுந்த முடியை அதே கையால் ஒதுக்கினாள். மேல் கட்டை அவிழ்த்தாள். உள்ளே காஸ் புண்ணோடு காய்ந்து ஒட்டியிருந்தது. மகளுக்கு வாய் வரைக்கும் வந்தது, நனைச்சுக்கோ என்று. சொல்வதற்குள் அவள் இழுத்தாள்.

புதுத் தோலும் சேர்ந்து வந்தது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். கட்டிலை இறக்கும்போது தவறவிட்டால் போடுகிற சத்தம். ரத்தம் தரையில் சொட்டியது. அந்தப் பெண் கையிலிருந்த துணியைப் பார்த்தாள், புண்ணைப் பார்த்தாள், அப்படியே வெளுத்துப் போனாள். திரும்பி, பக்கத்தில் விற்பனைக்கு வைத்திருந்த பூச்சாடியில் வாந்தி எடுத்தாள்.



"அந்த ஜாடி முந்நூறு," என்றார் அப்பா.

"சார், வெயில்ல வந்தது, காலையில சாப்பிடல..."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். சரக்கு மட்டம். நீங்களே பார்த்தீங்க. முப்பத்திரண்டெல்லாம் நடக்காது. பதினஞ்சு."

"பதினஞ்சா? சார், இருபத்தஞ்சு."

"என் தோலை உரிச்சிருக்கு உங்க முதல் வகுப்பு. பதினாறு."

"இருபது. ஜாடியையும் நானே எடுத்துக்கறேன்."

"பதினெட்டு, ஜாடியோட."

"சரி, முடிங்க."

ரத்தம் முக்காலியின் காலில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். வார்டில் பத்து நாள் திறக்காத படுக்கைப் புண்ணைத் திறந்து பார்த்திருக்கிறாள், புழு நெளிந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்துவிட்டுப் போய்ச் சாப்பிடவும் செய்தாள். இந்தக் கைகளைக் கழுவ எந்த லோஷன் போதும் என்று தெரியவில்லை.

குனிந்து அப்பாவின் காலைக் கழுவி, அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதும் கட்டினாள்.  அப்பா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "பார்த்தியா? கோளாறு இருக்கிற சரக்குலதான் விலை உடையும். உனக்குத்தான் வேலை தெரியுமே. சீல் மட்டும்தானே நமக்கு வேணும்?"

பின்பக்கக் குழாயடியில் அந்தப் பெண் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்."

"இதுக்கு முன்னாடி கட்டு மாத்தினதே இல்லையா?"

"வீடியோவுல பார்த்திருக்கேன். அதுல ரத்தம் வரல."

"திங்கக்கிழமை ஐசியூன்னு சொன்னாரே."

"ஆமாக்கா." குழாயை மூடினாள். அது சொட்டிக்கொண்டே இருந்தது. மறுபடி மூடினாள்.

"போகாதே. இல்லன்னா, எனக்கு எதுவும் தெரியாது, கூட நின்னு கத்துக்கறேன்னு சொல்லு."

"சொன்னா வச்சுக்குவாங்களா? ரெண்டாவது நாளே அனுப்பிடுவாங்க. எங்கம்மா நகையை வித்து எண்ணூறு மணியையும் நாற்பது ரேட்டுல வாங்கினாங்க." சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். "எங்க வீட்டுல யாருக்கும் பேரம் பேசத் தெரியாதுக்கா."

  மகள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

*

கிளார்க்கம்மா நிமிர்ந்து பார்த்தார். ஞாபகம் இருக்கிறது என்பது உதட்டுக் கோணலில் தெரிந்தது. "அறுபதுக்குக் கேட்டவங்க."

"ஆமாம் மேடம். சீட்டு ஏதாவது காலியாச்சா?"

"அன்னைக்கு உங்க பின்னாடி நின்ன பையன் படிப்பை விட்டுட்டான். முதல் நாள் வார்டுக்குப் போனான், ஒருத்தருக்குப் பெட்பான் வைக்கச் சொன்னாங்க. அப்படியே வெளிய போனவன், அவங்க அப்பாவை அனுப்பிச் சான்றிதழைத் திருப்பி வாங்கிட்டான்."

"எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே மேடம். வாசல் ரிஜிஸ்டர்ல நம்பர் எழுதியிருந்தோம்."

"நாங்க யாரையும் கூப்பிடறதில்லம்மா. வாசல்ல ஒட்டுவோம். ரெண்டு நாளா ஒட்டியிருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் கவுன்ட்டர் சாத்தறதுக்குள்ள யார் முழுசாக் கட்டறாங்களோ அவங்களுக்கு."

"எவ்வளவு மேடம்?"

"அதேதான். தொண்ணூறு."

நாக்கு தானாக மடங்கியது. எண்பதுக்கு வருமா என்பது தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மூன்று தலைமுறைப் பழக்கம், லேசில் போகுமா? எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"கொண்டு வர்றேன்."

*

அவள் திரும்பி வந்தபோது கோட்டுக்காரர் இன்னும் சோபாவில்தான் இருந்தார். முன்பணத்துக்காகக் காத்திருந்தார். ஜாடி அவர் காலடியில், வாயில் செய்தித்தாள் திணித்து. சாம்பிளை அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

"அப்பா, என் பணத்தைக் குடுங்க."

மூன்று வருடச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதையெல்லாம் அவள் அப்பாவின் கடை முதலீட்டில் போட்டு வைத்திருந்தாள். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"எதுக்கு?"

"காலேஜ்ல சீட்டு காலியா இருக்கு. தொண்ணூறு கட்டணும். இன்னைக்கே."

"தொண்ணூறா? இங்க மணி பதினெட்டுன்னு முடிச்சு வச்சிருக்கேன். உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எனக்கு அந்தப் பதினெட்டு வேண்டாம்பா."

"சம்பளம் போயிடும். நாலு வருஷம். யோசிச்சியா?"

"சனி ஞாயிறு நைட் ட்யூட்டிக்கு ஹெட் நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன். பஸ்ஸுல வரும்போதே போன் போட்டேன். தர்றேன்னாங்க."

"சரி, உன் வழிக்கே வர்றேன். பாதி வாங்கிக்கோ. அம்பத்தஞ்சு. மீதியை அவங்ககிட்ட தவணை கேளு."

"அவங்க தவணை குடுக்க மாட்டாங்க."

"கேக்கற விதத்துல கேட்டா எல்லாரும் குடுப்பாங்க. மூணு வருஷம் இந்த வீட்டுல சாப்பிட்டிருக்க, அதையெல்லாம் நான் கணக்குப் பார்த்தேனா?"

அம்மா படியில் நின்றிருந்தாள். "ஏங்க, அது அவ பணம்," என்றாள்.

"நீ சும்மா இரு. இது கடை."

"ஆமாம்பா," என்றாள் மகள். "கடைதான்."

திரும்பி நடந்தாள்.

முதல் அடி வேகமாக வைத்தாள். இரண்டாவது அடியில் குனியவில்லை. மூன்றாவது அடி வாசல்படியைத் தாண்டியது. அப்பா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகத்தான் உட்கார்ந்திருந்தார். நடை என்றால் என்னவென்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்? அவள் தெருவில் இறங்கினாள். எதிரே தையல் கடை, அப்புறம் சைக்கிள் கடை. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் மூலையில் உறுமிக்கொண்டு நின்றது. அங்கே பெண்கள் விடுதி இருக்கிறது, இரண்டு பேருக்கு ஒரு கட்டில் என்றாலும் இடம் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

முதலில் கூப்பிட்டது கோட்டுக்காரர். "பாப்பா, பதினஞ்சுக்குப் போட்டுக்கலாம்." வாசலுக்கு வந்து நின்று, "பன்னண்டு," என்றார். "பத்து. இதுக்குக் கீழ போனா நான் உன்னை வச்சு நஷ்டப்படணும்."

அவள் தையல் கடையைத் தாண்டினாள்.

"எழுபது," என்றது அப்பாவின் குரல்.

சைக்கிள் கடை.

"எண்பதும்மா. நில்லு."

குரல் கிட்டத்தில் கேட்டது. அவர் எழுந்து தெருவுக்கே வந்திருந்தார். வெறுங்காலில், கட்டுப் போட்ட குதிகாலைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள் கடைக் கம்பியைப் பிடித்து நின்றார். சைக்கிள்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டு இந்தத் தெரு பார்த்ததில்லை.

"முழுசாத் தர்றேன். வந்து தொலை. கட்டு நனையுது பாரு."

வெள்ளைக் கட்டுத் துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. அவள் நின்றாள். அந்த ஒன்றுக்குத்தான் நின்றாள்.

*

மறுநாள் காலையில், முக்காலி மேல் கால். சலைனை ஊற்றி, காஸ் இளகி வரும் வரைக்கும் அவள் காத்திருந்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கின அடியை அவர் இன்னும் செரிக்கவில்லை.

"முழு விலை," என்றார். "நம்ம பரம்பரையில எதையாவது முழு விலைக்கு வாங்கினது நீதான்."

"வலிக்குதாப்பா?"

"வலிக்கல. கோட்டுக்காரன் ஜாடியையும் தூக்கிட்டுப் போயிட்டான், வியாபாரமும் முடியல. முந்நூறு போச்சு."

"அதையும் என் கணக்குல எழுதிக்கோங்க."

"கணக்குன்னா சரியா வரணும். சொல்லு பார்ப்போம்."

காஸ் தோலை விட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அதைத் தட்டில் போட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"நான் போட்டது ஒரு லட்சத்துப் பத்து. காலேஜுக்குத் தொண்ணூறு போச்சு. மீதி இருபதாயிரம். அதுல உங்க ஜாடி முந்நூறைக் கழிச்சுக்கோங்க. பத்தொம்பதாயிரத்து எழுநூறு உங்ககிட்ட இருக்கு, அடுத்த வருஷ ஃபீஸுக்கு."

"சாப்பாடு?"

"சாப்பாட்டுக்கும் இந்தக் கட்டுக்கும் நேர். மூணு மாசமா தினமும் மாத்தறேன்."

அப்பா விரலை மடக்கிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினார். "சரி. கணக்கு நேர் ஆயிடுச்சு."

"ஆகல," என்றாள் மகள். புதுக் கட்டின் நுனியைக் கிழித்து, இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல் முடிச்சுப் போட்டாள். "நான் பிறந்தப்ப, பொண்ணுதானேன்னு ஐந்நூறு குறைச்சீங்களே. அது இன்னும் பாக்கி."